இரண்டாவது தாள்

மின்விசிறி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பதினான்கு வருடமாக வேலை பார்த்தவளை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மோட்டாரைப் பொருத்தும் பிரிவுக்கு அவள் பொறுப்பு. மற்றவர்கள் இடுப்பில் சாவிக்கொத்து செருகியிருக்கும் இடத்தில் அவள் அளவு டேப்பைச் செருகியிருப்பாள். ஒரு மேசையைச் சாண் தூரம் தள்ள வேண்டுமென்றாலும் அளந்து பார்த்துவிட்டுத்தான் தள்ளச் சொல்வாள். வீட்டுக் கட்டிலையும் அப்படித்தான் போட்டாள் என்று, முடிதிருத்தும் கடை வைத்திருந்த அவள் கணவர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கணவரின் தங்கையும் அதே தொழிற்சாலையில்தான் இருந்தாள். கல்யாணமாகி மூன்றே வருடத்தில், போதும் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். முன்னறை அவளுடையது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே பேருந்தில் போய் ஒரே பேருந்தில் திரும்புவார்கள். வீட்டில் யார் எதற்குக் கோபித்துக்கொண்டாலும் பேருந்து நிறுத்தம் வருவதற்குள் பேசிவிடுவார்கள்.

நாத்தனாருக்குத் தட்டு தூக்கும் வேலை. சுற்றும் கூடத்தில் செம்புக் கம்பி சுற்றிய காயில்களை இரும்புத் தட்டில் அடுக்கி, முற்றத்தைத் தாண்டி வார்னிஷ் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அடுப்பில் காய்ந்த பிறகு மறுபடியும் முற்றத்தைத் தாண்டிப் பொருத்தும் கூடத்துக்கு. பொருத்திய மோட்டாரை வாசலோரத்துச் சோதனை மேசைக்கு. அங்கே தேறியதைப் பின்கட்டில் பெட்டி கட்டும் இடத்துக்கு. அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி வாசலுக்கு, வண்டியில் ஏற்ற. நான்கு பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே செய்தார்கள். யாரும் யோசித்து அமைத்த இடமில்லை அது. எந்த அறை காலியாக இருந்ததோ அங்கே, அந்தச் சமயத்தில் வந்திறங்கிய இயந்திரம் உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் அதை எழுப்பவில்லை.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நாத்தனார் கையில் சீப்போடு வந்து நின்றாள்.

"அண்ணி, கை தலைக்கு எட்டல. கொஞ்சம் சீவி விடுறீங்களா?"

முப்பத்தாறு வயதுக்காரி. தோள் வலியில் வலது கை காதுவரைகூட உயரவில்லை. டேப் அக்கா சீவிப் பின்னிவிட்டாள். தட்டின் கனம் பதினைந்து கிலோ என்பது அவளுக்குத் தெரியும். எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியாது. அன்றே அளக்கத் தொடங்கினாள்.

ஒரு காயிலின் மேல் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அது போன இடமெல்லாம் பின்னாலேயே போய் அளந்தாள். முந்நூற்று எண்பது மீட்டர். கூரையில் தொங்குவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு மின்விசிறியும் பெண்களின் தோளில் ஏறி ஊரைச் சுற்றிவிட்டு வருகிறது என்று அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். அவர் கத்தரியைத் துடைத்தபடி, காற்று வாங்கப் போயிருக்கும் என்றார். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் முன்னறையில் தரை தெரியவில்லை. பழைய நாட்காட்டித் தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டி, தொழிற்சாலையின் சுவர், தூண், கதவு, வடிகால் எல்லாவற்றையும் அளவு குறைத்து வரைந்தாள். மேசைக்கும் இயந்திரத்துக்கும் அட்டைத் துண்டுகளை வெட்டி வைத்தாள். நாத்தனார் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இடது கையால் அட்டைகளைத் தள்ளிக் காட்டுவாள். எந்த வளைவில் தோள் சுவரில் இடிக்கும், வடிகால் மூடியில் எங்கே கால் இடறும், பிற்பகலில் எந்த மூலையில் வெயில் விழுந்து கண் கூசும் என்றெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. அடுப்பைச் சுவரோரமாக வை என்று அண்ணி சொல்ல, அதன் கதவு எந்தப் பக்கம் திறக்கும் தெரியுமா என்று நாத்தனார் கேட்க, மறுபடி எல்லாம் கலையும்.

கடைசியில் குதிரை லாடம் போல ஓர் அமைப்பு வந்தது. சுற்றும் கூடத்துக்கும் பொருத்தும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சாமான் அறையைக் காலிசெய்து வார்னிஷும் அடுப்பும் அங்கே வர வேண்டும். சுவரில் இரண்டு இடத்தில் சன்னல் திறந்தால் தட்டு உருளைப் பலகைமேல் தானாகவே நகர்ந்துகொண்டு போகும். சோதனையும் பெட்டி கட்டுவதும் வாசலுக்குப் பக்கத்தில். முந்நூற்று எண்பது மீட்டர் அறுபதாகச் சுருங்கியது. எதையும் தோளில் தூக்க வேண்டாம்.

இது முதல் தாள். இரண்டாவது தாளும் ஒன்று இருந்தது. வேகமாகப் பொருத்தினால் நாளைக்கு இருநூற்று எழுபது மோட்டார் வரும். ஆனால் சோதனைத் தாங்கியில் நான்கு கொக்கிதான். ஒவ்வொரு மின்விசிறியும் எட்டு நிமிடம் ஓட வேண்டும். மாட்டிக் கழற்ற இரண்டு நிமிடம். அப்படிப் பார்த்தால் மணிக்கு இருபத்து நாலுக்கு மேல் போகாது, நாளைக்கு இருநூறுகூடத் தேறாது. ஆகவே இரண்டாவது தாங்கி ஒன்று வேண்டும். தூக்கும் வேலை ஒழிவதால் மிஞ்சுகிற நான்கு பேரையும் அதற்குப் பழக்கலாம். எத்தனையோ வருடமாக மோட்டாரைத் தூக்கித் திரிந்தவர்கள், எது நல்ல சத்தம் எது கெட்ட சத்தம் என்று சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். இதை எழுதி, நான்கு பேரின் பெயரையும் கீழே போட்டாள். அந்தத் தாள் இல்லாவிட்டால் முதல் தாளுக்கு அர்த்தமே இல்லை என்றும் எழுதினாள்.

முதலாளியிடம் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தாள். முதலாளி நல்லவர் என்று பேரெடுத்தவர். நல்லவர் என்று பேரெடுத்த பலரையும் போல, சங்கடமான காரியத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் அவருக்கும் உண்டு. தாள்களைப் பார்த்துப் பாராட்டினார். மருமகனிடம் கொடுக்கிறேன் என்றார்.

மருமகன் எங்கோ போய் நிர்வாகம் படித்துவிட்டு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எதிரில் எல்லோரும் சார் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. ஒரு மாதம் கழித்து அலுவலகச் சுவரில் வண்ணத்தில் அச்சிட்ட பெரிய வரைபடம் ஏறியது. குதிரை லாடம் அப்படியே இருந்தது. சன்னல் இருந்த இடத்தில் சன்னல், வடிகால் மூடியை விட்டு விலகிப் போன பாதை, கதவு திறக்கும் பக்கம்கூட அப்படியே. கீழே வலது மூலையில், வடிவமைத்தவர் என்று போட்டு மாப்பிள்ளையின் பெயர்.

டேப் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. கூட நின்ற சோதனைக்காரி, "கேக்கலாமே அக்கா" என்றாள். பேர் யாருக்கு வேண்டும், தட்டு தோளிலிருந்து இறங்கினால் சரி என்று அவள் பதில் சொன்னாள். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

நான்கு நாள் விடுமுறை விட்டு இயந்திரங்களை மாற்றினார்கள். ஐந்தாம் நாள் காலை உருளைப் பலகைமேல் முதல் தட்டு சறுக்கிக்கொண்டு போனபோது சுற்றும் கூடத்துப் பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நாத்தனார் வெறுங்கையோடு பக்கத்திலேயே நடந்து போனாள், அது எங்கேயாவது நின்றுவிடுமோ என்பது போல. எங்கும் நிற்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அறிவிப்புப் பலகையில் நான்கு பேரின் பெயர்களை ஒட்டினார்கள். புதிய அமைப்பில் தூக்குபவர்களுக்கு வேலை இல்லையாம். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமாம். இரண்டாவது தாளின் அடியில் அவள் எழுதியிருந்த அதே நான்கு பெயர்கள், அதே வரிசையில்.

டேப் அக்கா அலுவலகக் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். இரண்டாவது தாள் எங்கே என்று கேட்டாள். மாப்பிள்ளை கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், அதைப் பார்த்தேன், அது தேவையில்லாத செலவு என்றார். நடையைக் குறைத்தால் நடக்கிறவர்களையும் குறைக்க வேண்டும், இல்லையென்றால் குறைத்ததற்கு என்ன பயன் என்று பொறுமையாக விளக்கினார். பாடம் புரியாத குழந்தைக்குச் சொல்வது போன்ற அந்தப் பொறுமைதான் அவளைச் சுட்டது.

"அவங்க தோள் போகக்கூடாதுன்னுதான் சார் நான் வரைஞ்சேன். ஆளே போகணும்னு வரையல."

முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம் என்றார்.

வீட்டில் நாத்தனார் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணி கதவருகே போய் நின்றபோது உள்ளேயிருந்தே சொன்னாள்:

"உங்க மேல கோபமில்ல அண்ணி. ஆனா அந்த அட்டையையெல்லாம் நானும்தானே தள்ளினேன். என் வேலையை நானே வெளியே தள்ளிக் கொடுத்திருக்கேன். அதை நினைச்சாத்தான் சகிக்கல."

திங்கட்கிழமை டேப் அக்கா பேருந்தில் தனியாகப் போனாள். பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவரை எழுப்பிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

பிறகு நடந்தது ஒன்றும் அதிசயமில்லை. அவள் எழுதி வைத்ததுதான். சோதனை மேசைக்கு முன்னால் மோட்டார்கள் குவிந்தன. புதன்கிழமைக்குள் நடைபாதை அடைத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை அடுப்புக்கதவு வரைக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளை நிறுத்துகடிகாரத்தோடு வந்து சோதனைக்காரியின் தலைமேல் நின்றார். எட்டு நிமிடம் எதற்கு, ஓடுகிறதா இல்லையா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிகிறதே என்று கேட்டார். சோதனைக்காரி, மோட்டாருக்குள் பேரிங் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் சூடேறின பிறகுதான் இரையும், அதற்கு அஞ்சாறு நிமிடம் ஆகும் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் மூன்று நிமிடம் என்று எழுதி ஒட்டிவிட்டார். முதலாளியும் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். குவியல் கரைந்தது. சுவர் வரைபடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஏறியது, மேலே மேலே போகும் ஒரு கோட்டோடு.

ஒன்றரை மாதத்தில் கோடு வாசல் வழியே திரும்பி வந்தது. ஒரு வண்டியில் அறுபத்தேழு மின்விசிறிகள், பெட்டியோடு. வாங்கியவர்கள் எல்லோரும் சொன்ன புகார் ஒன்றுதான்: கொஞ்ச நேரம் ஓடினால் இரைகிறது, தூங்க முடியவில்லை.

முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, காயில் சுற்றும் பெண்கள் கவனக்குறைவாக இருக்கிறார்கள் என்றார். பேச்சு அதிகம், கை குறைவு என்றார். இனி ஒவ்வொரு காயிலிலும் சுற்றியவரின் பெயர் இருக்கும், திரும்பி வந்தால் அவரும் வீட்டுக்குத் திரும்பலாம் என்றார். பதினோரு பெண்கள். அதில் ஒருத்திக்கு இருபத்தைந்து வருட அனுபவம். அவள் சுற்றிய காயில் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு தன் விரல்களையே பார்த்தபடி நின்றாள்.

அதைப் பார்த்ததும் டேப் அக்கா முன்னால் வந்தாள். அவள் கத்தவில்லை. வண்டிக்குப் போய், கைக்கு வந்த பெட்டி ஒன்றை எடுத்து எல்லோர் முன்னாலும் பிரித்தாள். முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்:

"சார், இதை மாட்டி ஓட விடுறேன். எட்டு நிமிஷம் யாரும் பேசாம நிக்கணும். நீங்களும்தான்."

முதலாளி வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். முற்றத்தில் நின்ற எழுபது பேரின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். சோதனைக்காரி தாங்கியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மின்விசிறி சுழன்றது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காற்று மட்டும்தான் வந்தது. மூன்றாம் நிமிடம் சோதனைக்காரி விரலைத் தூக்கிக் காட்டினாள்: இப்போது கழற்றியிருப்போம். மாப்பிள்ளை சிரித்தபடி கையை விரித்தார். நான்கு. யாரோ இருமி, உடனே அடக்கிக்கொண்டார்கள். ஐந்தாவது நிமிடம் பாதியில் எங்கோ தூரத்தில் வண்டு பறப்பது போல ஒரு சத்தம். ஆறாவதில் அது பக்கத்தில் வந்தது. ஏழாவதில் இரைச்சலைப் பின்வரிசை வரை எல்லோரும் கேட்டார்கள். எட்டாவது நிமிடமும் முடியட்டும் என்று டேப் அக்கா கைகாட்டினாள். முடிந்தது.

அவள் மின்விசிறியை இறக்கி, மூடியைக் கழற்றினாள். காயிலை முதலில் எடுத்து அந்த இருபத்தைந்து வருடக்காரியின் கையில் கொடுத்தாள். ஒரு சுற்றுகூடப் பிசகவில்லை. பிறகு பேரிங்கை மரச்சுத்தியால் இரண்டு தட்டு தட்டி உட்கார வைத்து, மறுபடி மாட்டி ஓட்டினாள். சத்தம் இல்லை. இருபதில் ஒன்று இப்படித்தான் வரும், எப்போதும் வரும், எட்டு நிமிடம் அதைப் பிடித்துவிடும் என்றாள்.

முதலாளி கேட்டார், எட்டை யார் மூன்றாக்கியது என்று. மாப்பிள்ளை கைபேசியில் எதையோ தேடத் தொடங்கினார். டேப் அக்காதான் சொன்னாள்:

"அவர் எழுதினார். நீங்க வந்து பார்த்துத் தலையாட்டினீங்க சார். அதையும் நாங்க எல்லாரும் பார்த்தோம். நாலு பேரை அனுப்பினதும் அப்படித்தான். இப்ப பதினோரு பேருக்கு வந்து நிக்குது."

அவள் இரண்டாவது தாளை அங்கேயே, மனப்பாடமாக, வரி வரியாகச் சொன்னாள். கொக்கி எத்தனை, நிமிடம் எத்தனை, ஆள் எத்தனை. நான்கு பெயர்களையும் சொன்னாள். கூட்டத்தைக் கலையச் சொல்லாமலே முதலாளி அலுவலகத்துக்குப் போய்விட்டார். ஆனால் மறுநாள் மூன்று நிமிடம் என்ற தாளைக் கிழித்திருந்தார்கள். பத்து நாளில் இரண்டாவது தாங்கி வந்தது. நான்கு பேருக்கும் ஆள் அனுப்பினார்கள். சுற்றும் கூடத்துப் பெண்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுவர் வரைபடமும் மாப்பிள்ளையின் பெயரோடு அங்கேயேதான் இருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு அவர்தான் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினார்.

மூன்று பேர் திரும்பி வந்தார்கள். நாத்தனார் வரவில்லை. அதற்குள் அவள் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் இடமொன்றில் சேர்ந்திருந்தாள். அண்ணன் இதமாகப் பேசிப் பார்த்தார். போகச் சொன்னபோது என் முகத்தைப் பார்த்து ஒருத்தரும் சொல்லவில்லை, பலகையில்தானே ஒட்டினார்கள், வரச் சொல்லவும் ஆள்தானே அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டாள் அவள்.

ஆறு மாதம் போனது. பக்கத்து மனையில் முதலாளி இன்னொரு கூடம் கட்டினார். மேசை மின்விசிறி செய்யப் போகிறார்களாம். இம்முறை டேப் அக்காவை அவரே கூப்பிட்டு, உட்கார வைத்து, அமைப்பை நீங்கள்தான் போட வேண்டும் என்றார். பெயரும் உங்கள் பெயர்தான் என்று மருமகன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னார். பேர் வேண்டாம் என்று அவள் இம்முறை சொல்லவில்லை. பேரும் போடுங்கள், ஆனால் அது போதாது என்றாள். இந்த அமைப்பினால் யாருக்கும் வேலை போகாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஒரு கோடாவது இழுப்பேன் என்றாள். என்னை நம்பவில்லையா என்று அவர் வருத்தப்பட்டார். அவள் எழுந்து வேலைக்குப் போனாள்.

பதினோரு நாள் அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. புதிய கூடத்தில் இயந்திரங்கள் பிரிக்காத பெட்டிகளில் நின்றன. மாப்பிள்ளை தானே வரைகிறேன் என்று ஆரம்பித்து, அடுப்பு வாசலுக்கு நேராக வந்துவிட்டதால் நிறுத்திக்கொண்டார் என்று கேள்வி. பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. அவள் நின்றபடியே இரண்டு முறை வாசித்தாள். 'இவ்வமைப்பு மாற்றத்தினால் முடிந்தவரை எவரும் பணியிழக்க மாட்டார்கள்' என்றிருந்தது. 'முடிந்தவரை' என்பதன் மேல் விரலை வைத்து முதலாளியிடம் நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பமும் போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் கடிதத்தை முன்னறைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். நாத்தனார் தோளில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடித்திருந்த சொல்லைத் தடவிப் பார்த்து, நல்லது அண்ணி என்றாள். பிறகு வேறு பேச்சாகத்தான் சொன்னாள்: வெளுக்கும் இடத்தில் ஈரத்துணியை மாடிக்குத் தூக்கிப் போய் உலர்த்தி, மறுபடி கீழே கொண்டுவந்து தேய்க்க வேண்டியிருக்கிறதாம்.

"எத்தனை படி?" என்று கேட்டுவிட்டு டேப் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருபத்திரண்டு" என்றாள் நாத்தனார். "எண்ணித்தான் வச்சிருக்கேன். ஆனா இவங்க கிட்டயும் முதல்ல அந்தக் கடிதத்தை வாங்கிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் நீங்க அட்டையைத் தொடக்கூடாது."